தாத்தா ஏலத்தில் எடுத்த 12க்கு 9 கம்பளம்: என்ன விலை மதிக்கலாம்?

கோத்தகிரி_பேரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் பாகப்பிரிவினை நடக்கிறது. நிலம், வீடு, நகை எல்லாம் பேசி முடித்தாயிற்று. கடைசியில் ஒரு கம்பளத்தில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

தாத்தா கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். ஐம்பதுகளில் பெரிய துரை சீமைக்குக் கிளம்பும்போது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டிருக்கிறார்கள். அதில் தாத்தா எடுத்தது. 12 அடிக்கு 9 அடி. ஒயின் நிறத் தரை, முழுக்கப் பூவும் கொடியும், நடுவில் பதக்கம் கிடையாது, கருநீலக் கரை. ஒரு பக்கக் குஞ்சம் ஏறக்குறைய போய்விட்டது. "ஈரானிலே ராஜா அரண்மனையில கெடந்தது" என்று பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊட்டியிலிருந்து ஒரு வியாபாரி வந்து பார்த்துவிட்டு, இருபதாயிரம் தருகிறேன், இப்போதே சுருட்டி ஜீப்பில் போட்டுக்கொள்கிறேன் என்றார். கனடாவில் இருக்கும் அண்ணன், இதே மாதிரி ஒன்று இணையத்தில் ஆறு லட்சத்துக்குப் போட்டிருக்கிறார்கள் என்று இணைப்பு அனுப்புகிறார். தங்கைக்குக் கம்பளம்தான் வேண்டும், பணம் வேண்டாம். அப்படியானால் அவள் பங்கில் எவ்வளவு கழிப்பது? இதுதான் சண்டை. முன்பக்கம், பின்பக்கம், ஓரம் மூன்றுக்கும் படம் போட்டிருக்கிறேன்.

தேயிலைத்தூசி எழுதியது:

இருபதாயிரத்துக்கும் ஆறு லட்சத்துக்கும் நடுவில் ஒரு காரே வாங்கலாமே சார். ஜீப்பில் போட்டுக்கொண்டு போகத் துடித்தாரே, அதை வைத்தே ஏதோ சரக்கு இருக்கிறது என்று தெரியவில்லையா?

முடிச்சுக்_கணக்கு எழுதியது:

பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கையால் முடிச்சுப் போட்டதுதான், சந்தேகமே இல்லை. முன்பக்கத்துப் பூ அப்படியே பின்பக்கமும் தெளிவாகத் தெரிகிறது. மெஷினில் குத்தியெடுத்த கம்பளமாக இருந்தால் பின்னால் ரப்பர் பால் பூசித் துணி ஒட்டியிருப்பார்கள். குஞ்சமும் தைத்து ஒட்டியதல்ல, உள்ளே நீளவாக்கில் ஓடும் பாவு நூலே வெளியே வந்து குஞ்சமாக நிற்கிறது.

இனி விலைக்கு ஒரே வழி கணக்கு. சதுர அங்குலத்துக்கு எத்தனை முடிச்சு என்று எண்ணுங்கள். 12க்கு 9 என்றால் 108 சதுர அடி, அதாவது 15,552 சதுர அங்குலம். ஒரு நெசவாளி நாளுக்கு 6,000 முடிச்சு போட்டால் நல்ல வேகம். மொத்த முடிச்சை அதால் வகுத்து, வரும் நாட்களை இன்றைய கூலியால் பெருக்குங்கள். அதோடு கம்பளி விலையையும் சேர்த்தால் அடிவிலை வந்துவிடும். பழசு என்பதற்கு அதற்கு மேல்.

பழஞ்சாமான் எழுதியது:

தம்பி கோத்தகிரி, என்ன விலை என்று கேட்கும் முன் எதற்காக விலை என்று சொன்னது நல்லதாகப் போயிற்று. பலர் அதைச் சொல்வதே இல்லை.

ஒரே கம்பளத்துக்கு நாலு விலை உண்டு, நாலும் பொய்யில்லை. என்னைப் போன்ற கடைக்காரன் ரொக்கமாகக் கொடுத்து எடுக்கும் விலை ஒன்று. அதையே நான் கழுவி, ஓரம் கட்டி, மாதக்கணக்கில் கடையில் விரித்து வைத்திருந்து, பெங்களூரிலிருந்து வரும் ஒருவரிடம் சொல்லும் விலை இன்னொன்று. வீடு தீப்பிடித்துக் கம்பளம் போய்விட்டால் அதே மாதிரி ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்க ஆகும் செலவுதான் இன்சூரன்ஸ்காரர் கேட்பது. அது எப்போதும் உச்சாணியில் இருக்கும். நாலாவது, விற்பவருக்கும் அவசரமில்லை, வாங்குபவருக்கும் அவசரமில்லை, இருவருக்கும் சரக்கைப் பற்றித் தெரியும் என்று வைத்துக்கொண்டால் கை மாறும் விலை. பங்கு பிரிக்க இந்த நாலாவதுதான் வேண்டும்.

ஊட்டிக்காரர் சொன்னது முதல் ரகம். அடிமாட்டு விலையாகத் தெரிகிறது, ஆனால் அவரைத் திட்ட வேண்டியதில்லை. கழுவும் செலவும் முடங்கும் பணமும் அவருடையது. உங்கள் அண்ணன் பார்த்தது இந்த நாலிலுமே சேராது. அது ஒருவர் கேட்கும் விலை. அது விற்றதா என்று பார்த்தாரா? இணையத்தில் வருடக்கணக்கில் அதே படத்தோடு அதே விலையில் கிடக்கும் கம்பளங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு வேலை செய்யுங்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் போட்டு, நகைக்கடை லென்ஸ் ஒன்றும் நல்ல ஸ்கேலும் எடுத்துக்கொள்ளுங்கள். அகலவாக்கில் சரியாக 9 அங்குலம் குறித்து முடிச்சை எண்ணுங்கள். நீளவாக்கில் சரியாக 4½ அங்குலம் குறித்து எண்ணுங்கள். ஒரு முடிச்சு பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேடாகத் தெரியும், இரண்டும் ஒரே நிறத்தில் இருக்கும். இரண்டையும் சேர்த்து ஒன்று என்று எண்ணுங்கள். ஒரே நிறப் பரப்பில் எண்ணினால் குழம்பும், இலையும் காம்பும் நெருக்கமாக வரும் இடத்தைப் பாருங்கள்.

முடிச்சுக்_கணக்கு எழுதியது:

ஐயா, 9, 4½ என்று ஏன் இந்த விநோத அளவு? ஒரு அங்குலத்துக்கு எண்ணினால் போதாதா?

பழஞ்சாமான் எழுதியது:

அவர் எண்ணி வரட்டும், சொல்கிறேன்.

ஏழுரோடு_அக்கா எழுதியது:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் கொடைக்கானல். என்னிடமும் ஒன்று இருக்கிறது, 6க்கு 4, காஷ்மீர் பட்டு என்று சொல்லிக் கடையில் கொடுத்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் வெளுப்பாகவும் எதிர்ப்பக்கம் கருப்பாகவும் மின்னுகிறது. அப்போதே விலை அதிகம்தான். இப்போது விற்றால் என்ன வரும்? இங்கே மூஞ்சிக்கல் பக்கம் ஒருவர் "பட்டு என்றைக்கும் பட்டுதான், நாலு மடங்கு கிடைக்கும்" என்கிறார்.

பழஞ்சாமான் எழுதியது:

அம்மா, மின்னுவதை வைத்துப் பட்டு என்று சொல்லிவிட முடியாது. செயற்கைப் பட்டான விஸ்கோஸும் மின்னும். சில சமயம் அதிகமாகவே மின்னும். குஞ்சத்திலிருந்து அல்ல, முன்பக்கம் மேலே நிற்கும் ரோமத்திலிருந்து ஒரு சிறு இழையைப் பிடுங்கிக் கொளுத்திப் பாருங்கள். பட்டானால் தலைமுடி கருகும் வாடை வரும், சாம்பல் கருப்பாக உருண்டு நின்று விரலில் நசுக்கினால் பொடியும். விஸ்கோஸ், பருத்தியானால் காகிதம் எரிந்த வாடைதான் வரும், சாம்பல் வெளிறி மெல்லிசாகப் பறக்கும். குஞ்சத்தைக் கொளுத்திப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய. அடிநூலைப் பருத்தியில் போட்டு மேலே பட்டு கட்டியிருக்கலாம், தலைகீழாகவும் செய்வார்கள்.

விஸ்கோஸ் என்றால் நாலு மடங்கு கிடக்கட்டும், கொடுத்ததில் கால் பங்கு வந்தாலே சாமி கும்பிடுங்கள். அது ஈரத்தில் வலுவிழக்கும், மஞ்சளிக்கும். கொடைக்கானல் மூடுபனிக்குக் கொஞ்சமும் ஒத்துவராத சரக்கு.

ஏழுரோடு_அக்கா எழுதியது:

காகித வாடைதான். மூஞ்சிக்கல்காரரை அழைத்து நாலு மடங்கு கொடுத்து எடுத்துக்கொள்ளச் சொல்லப் போகிறேன்.

தேயிலைத்தூசி எழுதியது:

அக்கா, அவருக்கு ஒரு காபியும் கொடுங்கள், பாவம்.

பழஞ்சாமான் எழுதியது:

இனிமேல் வாங்குகிறவர்களுக்கு: காஷ்மீர் கம்பளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அதற்கான சோதனையில் தேறிய உருப்படிகளில் ஸ்கேன் செய்து பார்க்கும் சீட்டு ஒட்டி வருகிறது. அதில் பட்டா, கம்பளியா, எத்தனை முடிச்சு என்று இருக்கும். மலைக்கு வரும் சுற்றுலாக் கூட்டத்தில் அதைக் கேட்பவர் யாருமில்லை.

கோத்தகிரி_பேரன் எழுதியது:

எண்ணிவிட்டேன் ஐயா. தங்கை ஒரு முறை, நான் ஒரு முறை. அகலத்தில் 9 அங்குலத்துக்கு 90. நீளத்தில் 4½ அங்குலத்துக்கு 27. வேறு வேறு இடத்தில் எண்ணினாலும் ஒன்றிரண்டுதான் வித்தியாசம்.

முடிச்சுக்_கணக்கு எழுதியது:

அப்படியென்றால் அகலத்தில் அங்குலத்துக்கு 10, நீளத்தில் 6. சதுர அங்குலத்துக்கு 60. மொத்தம் 9,33,120 முடிச்சு! 6,000 கணக்கில் ஒரே ஆளுக்கு 155 நாளுக்கு மேல். இன்றைய கூலியில் பெருக்கிப் பாருங்கள். இருபதாயிரம் என்பது பகல் கொள்ளை.

பழஞ்சாமான் எழுதியது:

இப்போது அந்த விநோத அளவுக்கு வருவோம். உத்தரப்பிரதேசத்தில் கங்கைப் பக்கம் கம்பளம் நெய்யும் பதோஹி, மிர்சாப்பூர் தறிக்காரர்கள் தரத்தை இரண்டு எண்ணில் சொல்வார்கள். முதல் எண், அகலத்தில் ஓர் அங்குலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குள் எத்தனை முடிச்சு என்பது. இரண்டாவது, நீளத்தில் 4½ அங்குலத்துக்குள் வரும் முடிச்சின் இரட்டிப்பு. தம்பி 9 அங்குலத்தில் எண்ணிய 90ஐப் பத்தால் வகுத்தால் முதல் எண் 9. இரண்டாவது, 27ஐ இரட்டித்தால் 54. 9/54. அந்தப் பக்கத்துச் சந்தையில் நேற்றும் இன்றும் ஓடும் பெயர் பெற்ற தரம் அது. 5/40 என்றால் இன்னும் முரடு, சதுர அங்குலத்துக்கு இருபத்தைந்து பக்கம்தான் வரும். 12/60 என்றால் தொண்ணூறைத் தொடும்.

ஈரானில் தப்ரீஸ் ஊர்த் தறிக்காரருக்கு இந்தக் கணக்கே தெரியாது. அவர் ஏழு சென்டிமீட்டரில் எத்தனை முடிச்சு என்று எண்ணி அதை ராஜ் என்பார், 40 ராஜ், 50 ராஜ் என்று. அங்கேயே நாயீன் ஊர்க்காரர் பாவு நூலில் எத்தனை புரி என்று பார்த்து 9 லா, 6 லா என்பார், எண் குறையக் குறைய நயம். ஒவ்வொரு ஊர்த் தறிக்கும் ஒரு முழக்கோல் இருக்கிறது. எந்த முழக்கோலில் அளந்தால் முழு எண்ணாக வந்து உட்காருகிறதோ அந்த ஊர்ப் பக்கம் முதலில் பார்க்க வேண்டும்.

படத்தில் மற்ற அடையாளங்களும் அங்கேதான் இழுக்கின்றன. மெஷினில் நூற்ற பல புரிப் பருத்திப் பாவு, வெள்ளை வெளேரென்று குறுக்கே ஓடும் தடியான ஊடை நூல். 12க்கு 9 என்ற அளவே வெள்ளைக்காரர் கூடத்துக்கு அளந்து நெய்தது. பழைய ஈரானிய வீடுகளில் நீளமும் ஒடுக்கமுமாகப் பல துண்டுகளைச் சேர்த்துத்தான் கூடத்தை நிரப்புவார்கள்.

எனவே, கோலம் பாரசீகம், தறி கங்கைக்கரை. முப்பதுகளிலிருந்து நாற்பதுகள் முடிவுக்குள் நெய்ததாக மதிப்பேன். மிர்சாப்பூரில் மூன்று வெள்ளைக்காரர்கள் சேர்ந்து ஓபீட்டி கம்பெனியைத் தொடங்கியது 1920இல். அவர்களுக்கு முன்பிருந்தே அந்த வட்டாரத்துச் சரக்கு கப்பலேறிக்கொண்டிருந்தது. நீலகிரித் துரைமார் வீட்டுக்கு இங்கிலாந்து போய் வாங்க வேண்டிய அவசியமே இல்லை, ரயிலில் வந்துவிடும்.

கோத்தகிரி_பேரன் எழுதியது:

தங்கை முகத்தைப் பார்க்க முடியவில்லை. அண்ணன் நம்பமாட்டேன் என்கிறார். ஒயின் நிறம் என்றால் அமிர்தசரஸ் என்று எங்கோ படித்தாராம், அது விலை கூடுதலாமே?

பழஞ்சாமான் எழுதியது:

அண்ணன் படித்தது சரிதான். 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வந்து காஷ்மீர் சால்வைக்குப் பிரெஞ்சுச் சந்தை படுத்துவிட்டது. சால்வை நெய்த கைகள் கம்பளத்துக்கு மாறின, அமிர்தசரஸ் அதில் பெரிய ஊர். அந்தப் பழைய சரக்கில் ஒயின் நிறம் பிரசித்தம், விலையும் நன்றாகப் போகும். ஆனால் நிறத்தை மட்டும் வைத்து ஊர் சொல்லக் கூடாது. அதன் கம்பளி மெத்தென்று பளபளக்கும், முடிச்சும் இதைவிட நெருக்கம். உங்கள் ஓரப் படத்தில் ரோமம் கொஞ்சம் வறட்சியாக, பளபளப்பில்லாமல் தெரிகிறது. வெட்டிய ஆட்டின் தோலில் சுண்ணாம்பு வைத்து உதிர்த்த கம்பளி இப்படித்தான் இருக்கும், உயிரோடு கத்தரித்த கம்பளியின் எண்ணெய்ப்பசை அதில் இருக்காது. உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், நார் உதிர்ந்து கையில் ஒட்டுகிறதா என்று.

துபாய்_ரிட்டர்ன் எழுதியது:

கூடலூரிலிருந்து எழுதுகிறேன், பத்து வருடம் துபாய் தேராவில் கம்பளக்கடையில் கணக்கு எழுதியவன். ஐயா சொல்வதை மறுக்கவில்லை, ஆனாலும் படம் பார்த்து மதிப்பிடுவது ஆபத்து. ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு ஏல நிலையம் ஒரு கம்பளத்துக்கு 900 யூரோ என்று மதிப்புப் போட்டது. 2009இல் ஏலத்தில் 19,700 யூரோவுக்குப் போனது. அடுத்த வருடம் லண்டன் கிறிஸ்டீஸ் ஏல நிலையத்தில் அதே கம்பளம் 62 லட்சம் பவுண்டுக்குப் போனது. பதினேழாம் நூற்றாண்டில் ஈரானின் கெர்மானில் நெய்தது, ஜாடிக் கோலம் என்று பெயர். விற்ற அம்மா வழக்குப் போட்டும் தோற்றுப்போனார். இதைப் படித்தபிறகு யாராவது இருபதாயிரத்துக்குக் கொடுப்பார்களா?

அப்புறம் இணைய விலையைப் பற்றி ஒன்று. அமெரிக்கா ஈரான் கம்பளத்தை 1987இல் தடுத்தது, 2000இல் விட்டது, 2010இல் திரும்பத் தடுத்தது, 2016இல் விட்டது, 2018இல் மறுபடி தடுத்தது. கதவை மூடும்போது உள்ளே இருக்கும் சரக்குக்கு ஒரு விலை, திறந்தால் ஒரு விலை. அமெரிக்கத் தளத்தில் போட்டிருக்கும் எண்ணை ரூபாயில் மாற்றி நம் ஊர்ச் சாமானுக்கு ஒட்ட வைக்க முடியாது.

பழஞ்சாமான் எழுதியது:

துபாய் தம்பி சொன்ன இரண்டாவது விஷயத்துக்கு நூற்றுக்கு நூறு. முதல் கதை உண்மை, ஆனால் அதைப் படித்துவிட்டு ஒவ்வொரு வீட்டிலும் பரணை நோண்டினால் பரண்தான் உடையும். அந்தக் கெர்மான் முந்நூற்றைம்பது வருடப் பழசு, அந்த வகையில் மிஞ்சியிருப்பவை சொற்பம். 9/54 மிர்சாப்பூர், ஆயிரக்கணக்கில் நெய்தது. மெஷின் நூல் பாவைப் பார்த்தபிறகு பதினேழாம் நூற்றாண்டு என்று கனவு காண இடமே இல்லை.

முடிச்சுக் கணக்கு சாருக்கும் ஒரு வார்த்தை. 9,33,120 என்பது சரியான பெருக்கல்தான். ஆனால் அது நெய்தவருக்கான கூலிக் கணக்கு, வாங்குகிறவர் கண் அதில் இல்லை. ஈரானின் ஹெரிஸ் கம்பளம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முடிச்சு முரடு, பல உருப்படிகள் உங்கள் அறுபதைத் தாண்டாது. ஆனாலும் அந்தக் கோணல் மாணலான பதக்கத்துக்கும் மங்காத செங்கல் சிவப்புக்கும் ஆட்கள் கொட்டிக் கொடுக்கிறார்கள். எழுபதுகளில் லாகூரில் துர்க்மெனியக் கோலத்தைப் பார்த்து நெய்த புகாரா மாதிரிகள் முடிச்சில் இரண்டு மூன்று மடங்கு நெருக்கம், கொடுத்தால் எடுத்துக்கொள்ள ஆளில்லை. ஒரே ஊர், ஒரே காலம், ஒரே கோலம் என்று இரண்டு கம்பளங்களை எதிரெதிரே வைத்தால் முடிச்சு பேசும். ஊர் மாறினால் அந்தப் பேச்சு எடுபடாது.

முடிச்சுக்_கணக்கு எழுதியது:

ஒத்துக்கொள்ள மனமில்லை. லண்டன் வி அண்ட் ஏ (விக்டோரியா ஆல்பர்ட்) அருங்காட்சியகத்தில் இருக்கும் ஈரானின் அர்தபீல் கம்பளம் சதுர அங்குலத்துக்கு 340 முடிச்சு. அதற்கு ஏன் அவ்வளவு பெயர்?

பழஞ்சாமான் எழுதியது:

அதில் ஹிஜிரி 946 என்று ஆண்டே நெய்திருக்கிறது, அதாவது 1539-40. அதனால்தான். அதைவிட நெருக்கமான முடிச்சில் ஈரானின் கும் நகரத்துப் பட்டுக் கம்பளங்கள் நேற்று நெய்ததெல்லாம் கிடைக்கும். அர்தபீலை 1893இல் அந்த அருங்காட்சியகத்தார் 2,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். அது ஒரு ஜோடியில் ஒன்று. இதன் ஓட்டைகளை அடைக்க மற்றதை வெட்டிப் பயன்படுத்தினார்கள், அந்த வெட்டுப்பட்டதும் இன்று வேறொரு அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

ஆண்டு நெய்த கம்பளம் யாரிடமாவது இருந்தால் கவனம். பாரசீக எழுத்தில் இரண்டுக்கு மேலே ஒரு பல், மூன்றுக்கு இரண்டு பல். 1320 என்ற ஹிஜிரி ஆண்டில் மூன்றின் ஒரு பல்லைப் பிடுங்கி நிறம் மாற்றிக் கட்டினால் 1220 ஆகிவிடும், ஒரே நொடியில் நூறு வயது கூடும். அந்த எண்ணைச் சுற்றிப் பின்பக்கம் முடிச்சு புதிதாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

தேயிலைத்தூசி எழுதியது:

வயது கூட்ட அவ்வளவு பாடு எதற்கு? டீத்தண்ணீரில் ஊறவைத்தால் போதும் என்பார்களே. நம் மலையில் டீத்தூளுக்கா பஞ்சம்?

பழஞ்சாமான் எழுதியது:

சிரிக்க வேண்டாம், நிஜமாகவே செய்கிறார்கள். நிஜமான வயதில் ரோமத்தின் நுனி வெளுத்திருக்கும், விரலால் பிளந்து பார்த்தால் அடியில் நிறம் பளிச்சென்று இருக்கும். டீயில் நனைத்ததில் நுனி, அடி, குஞ்சம், பின்பக்கம் எல்லாம் ஒரே பழுப்பு. தேய்ந்து நூல் தெரியும் இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் நிறம் தீட்டி விற்பவர்களும் உண்டு. வெள்ளைத் துணியை ஈரமாக்கி அழுத்தித் துடையுங்கள். கறை ஒட்டினால், ஒன்று சாயம் மோசம், இல்லையென்றால் ஆள் மோசம்.

துபாய்_ரிட்டர்ன் எழுதியது:

நேராகவே கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள் ஐயா. நீங்களும் கடைக்காரர். மட்டமாகப் பேசிப் பேசிக் கடைசியில் நீங்களே வாங்கிக்கொள்ளப் போகிறீர்களா?

பழஞ்சாமான் எழுதியது:

கேட்க வேண்டிய கேள்விதான். நான் வாங்கப் போவதில்லை. மதிப்புச் சொல்பவனும் வாங்குபவனும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, யாராக இருந்தாலும். எழுத்தில் மதிப்புரை வேண்டுமென்றால் கட்டணத்தை முன்கூட்டியே ஒரு தொகையாகப் பேசிக்கொள்ளுங்கள். மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கேட்பவரிடம் போகவே வேண்டாம், விலையை ஏற்றினால் அவருக்குத்தானே லாபம்.

மட்டுறுத்துநர்:

இந்த இழையில் வாங்க, விற்கத் தனிச்செய்தி கேட்டு இடப்பட்ட மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. தொலைபேசி எண் போட வேண்டாம்.

பழஞ்சாமான் எழுதியது:

சரி, இனிதான் உண்மையான மதிப்பீடு. கோத்தகிரி தம்பி, கம்பளத்தை எங்கே போட்டு வைத்திருந்தீர்கள்?

நம் மலையில் கம்பளத்தைக் கொல்வது கால் அல்ல, ஈரம்தான். தென்மேற்கு, வடகிழக்கு என்று குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இரண்டு மழையும் எட்டிப் பார்க்கும். வருடத்தில் பாதி நாள் சுவரே வியர்க்கிறது. மேலே இருக்கும் கம்பளி தாங்கும், அடியிலிருக்கும் பருத்தி தாங்காது. வெளியே பார்த்தால் பூ சிரிக்கும், உள்ளே நூல் இற்றுப்போயிருக்கும்.

கம்பளத்தின் பின்பக்கம் வெளியே தெரியும்படி ஒரு மூலையை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக மடியுங்கள். காதைப் பக்கத்தில் வையுங்கள். நல்ல பருத்தி சத்தம் போடாமல் வளையும். இற்றுப்போனது காய்ந்த சருகு மாதிரி மொறுமொறுவென்று உடையும். கேட்ட உடனே நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் மடித்தால் கிழியும். நாலு மூலை, நடு, கண்ணாடி அறையில் கிடந்த பகுதி எல்லாவற்றிலும் பாருங்கள். பூந்தொட்டி வைத்திருந்த இடம் இருந்தால் அதை முதலில்.

கோத்தகிரி_பேரன் எழுதியது:

முன்கூடத்துக் கண்ணாடி அறையில்தான் கிடந்தது. பாட்டி ஜெரேனியம் தொட்டிகளை அதன் மூலையில்தான் வரிசையாக வைப்பார்.

மடித்துப் பார்த்தோம். மூன்று மூலை, நடுப்பகுதி எல்லாம் சத்தமில்லை. தொட்டி மூலையில் நீங்கள் சொன்ன அதே மொறுமொறு. ஒன்றரை அடிக்கு ஒரு அடி அளவு இருக்கும். தங்கை கையை எடுக்கச் சொல்லிக் கத்திவிட்டாள். கணப்புப் பக்கம் பொறி விழுந்த கருகல் நாலைந்து, மிளகு அளவு. குஞ்சம் போன பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு முடிச்சே கழன்றிருக்கிறது, கரையின் கடைசிக் கோடு தெரியவில்லை. ஈரத்துணியில் நீலம் ஒட்டவில்லை, சிவப்பு லேசாக ஒட்டியது. சோபாவுக்கு அடியில் இருந்த பகுதியில் பூச்சி அரித்து வழுக்கை விழுந்திருக்கிறது. கையால் தேய்த்தால் நார் கொஞ்சம் உதிர்கிறது.

ஏழுரோடு_அக்கா எழுதியது:

பூச்சிக்கு நீலகிரித் தைலம் தெளிக்கலாமா? எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்.

பழஞ்சாமான் எழுதியது:

தைலத்தை நேரடியாகக் கம்பளத்தில் தெளிக்காதீர்கள் அம்மா, எண்ணெய்க் கறை பிடித்துத் தூசியை இழுக்கும். அந்துப்பூச்சியின் புழு இருட்டையும் அசையாத இடத்தையும் தேடும், அதனால்தான் சோபாவுக்கு அடியில். மாதம் ஒரு முறை திருப்பிப் போட்டு இரண்டு பக்கமும் தூசி உறிஞ்சி, ஜனவரி, பிப்ரவரி வெயிலில் பின்பக்கம் மேலே தெரிய விரித்தால் பாதி பிரச்சினை தீரும். அந்துருண்டையைத் துணியில் முடிந்து வைக்கலாம்.

கோத்தகிரி தம்பிக்கு: உங்கள் பரிசோதனை தெளிவாக இருக்கிறது. இரண்டு விரல் அகலம் கழன்றது பெரிய குறையில்லை, கரை கொஞ்சம் போனாலும் ஓரம் கட்டி நிறுத்திவிடலாம். கருகல் அற்பம். பூச்சி வழுக்கையை மறுமுடிச்சுப் போட்டு நிரப்பலாம், ஆனால் அந்த வேலை செய்யத் தெரிந்தவர் கூலி கம்பளத்தின் விலையையே விழுங்கிவிடும், விட்டுவிடுங்கள். தொட்டி மூலைதான் விலையை உடைக்கிறது. வெட்டி எடுத்துச் சேர்க்க வேண்டியது அது.

குறை ஒன்றும் இல்லாத இந்த அளவு மிர்சாப்பூர், இந்த நிறத்தில், நிதானமாக விற்றால் ஒன்றரை லட்சம் வரை பேசலாம். இந்த நிலையில் ஐம்பதிலிருந்து எழுபதாயிரத்துக்குள் நாலாவது விலை. இன்சூரன்ஸ் என்றால் இரண்டு லட்சம் எழுதினாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஆனால் அந்தத் தாளைக் காட்டித் தங்கை பங்கில் கழித்தால் அநியாயம். அதே மாதிரி இருபதாயிரத்தைக் காட்டித் தங்கை எடுத்துக்கொண்டால் அண்ணனுக்கு அநியாயம்.

கோத்தகிரி_பேரன் எழுதியது:

அண்ணன் கனடாவுக்கே எடுத்துப்போய் அங்கே விற்கிறேன் என்கிறார்.

துபாய்_ரிட்டர்ன் எழுதியது:

நூறு வயது தாண்டிய பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை போடுகிறது. இது நூறு தொடவில்லை என்றாலும் பழசு மாதிரித் தெரிகிற எதற்கும் விமான நிலையத்தில் கேள்வி வரும். தொல்லியல் துறையிடம், இது தொல்பொருள் அல்ல என்று சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எடை நாற்பது கிலோ பக்கம் வரும். அனுப்பும் செலவு, அங்கே கழுவும் செலவு, ஏலக் கமிஷன் எல்லாம் கழித்தால் அண்ணனுக்கு மிஞ்சுவது ஊட்டிக்காரர் சொன்ன தொகையாகத்தான் இருக்கும்.

பழஞ்சாமான் எழுதியது:

என் யோசனை இது. ஐம்பது, எழுபது என்று நான் சொன்னதை மூன்று பேருக்கும் காட்டுங்கள். பிறகு ஏலச்சீட்டு எடுப்பது போலத்தான். மூவரும் தனித்தனித் தாளில், "மற்ற இருவருக்கும் பங்கு கொடுத்துவிட்டு இந்தக் கம்பளத்தை நான் எடுத்துக்கொள்வதானால் மொத்த மதிப்பு இவ்வளவு என்று வைப்பேன்" என்று எழுதி மடித்துப் போடுங்கள். அதிகம் எழுதியவருக்குக் கம்பளம், அந்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு மற்ற ஒவ்வொருவருக்கும். ஆறு லட்சம் என்று நம்புகிறவர் ஆறு லட்சம் எழுதட்டும், யார் தடுத்தார்கள்?

முடிச்சுக்_கணக்கு எழுதியது:

இது கணக்காகவும் சரி. எழுதுகிற எண்ணுக்கு அவரவர்தான் பணம் கொடுக்க வேண்டும் என்றால் வாய் தானாகக் குறுகும்.

கோத்தகிரி_பேரன் எழுதியது:

நேற்று வீடியோ அழைப்பில் முடித்தோம். அண்ணன் 45,000 எழுதியிருந்தார். நான் 60,000. தங்கை 75,000. அண்ணனிடம் ஆறு லட்சம் எங்கே போயிற்று என்று கேட்டதற்கு, கனடாவில் நேரமாயிற்று என்று அழைப்பைத் துண்டித்துவிட்டார். தங்கை இரண்டு பேருக்கும் தலைக்கு 25,000 கொடுக்கிறாள்.

கங்கைக்கரை என்று சொன்னபோது முகம் வாடியவள், இப்போது மிர்சாப்பூர் போய்த் தறி பார்க்க வேண்டும் என்கிறாள். மழைக்கு முன்பு என்ன செய்ய வேண்டும் ஐயா?

பழஞ்சாமான் எழுதியது:

முதலில் குஞ்சம் போன ஓரத்தைத் தடித்த பருத்தி நூலால் கட்டிவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் தினம் ஒரு வரிசை கழன்றுகொண்டே வரும். தொட்டி மூலைக்குப் பின்னால் காடாத் துணி வைத்துக் கையால் தைக்கலாம், பசை போட்டு ஒட்ட விடாதீர்கள். சிவப்பு ஒட்டுகிறது என்பதால் வீட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். வைப்பதானால் மடிக்காமல், குழாயில் சுருட்டி, பருத்திப் போர்வையில் சுற்றி, தரையில் படாமல் வையுங்கள். பிளாஸ்டிக் தாளில் சுற்றினால் ஒரே மழையில் பூசணம் பிடித்துவிடும்.

ஏழுரோடு_அக்கா எழுதியது:

ஐயா, திபெத்துக்காரர்களிடம் வாங்கிய டிராகன் போட்ட கம்பளம் ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றி...

பழஞ்சாமான் எழுதியது:

அது கம்பியில் நூலைச் சுற்றி வெட்டும் வேறு முறை அம்மா, இந்தக் கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது. தனி இழை தொடங்கி, பின்பக்கப் படத்தை முதலில் போடுங்கள்.